தன்பாலின கல்யாணச் சட்டத்தைப் பத்தி கடவுள் நம்பிக்கை உள்ளவங்ககிட்ட எப்படி பேசுறது

ஃபேமிலி வாட்ஸாப் க்ரூப்ல ஒரு நியூஸ் வந்து விழும், ஏதோ ஒரு நாட்டுல ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு சட்டம் வந்துடுச்சுன்னு. உடனே பெரியப்பா ஒருத்தர் "கலி முத்திடுச்சு"ம்பாரு, இன்னொருத்தர் வேத வசனம் போடுவாரு, காலேஜ் படிக்கிற தம்பி ஒருத்தன் மதத்தையே மொத்தமா திட்டி நாலு மெசேஜ் போடுவான், பெரியப்பா க்ரூப்பை விட்டு வெளிய போயிடுவாரு, அத்தோட பேச்சு முடிஞ்சுது. யார் மனசும் ஒரு இஞ்ச் நகரல.

நான் கடவுளை நம்புற ஆளு. தன்பாலின கல்யாணத்துக்கு சட்ட அங்கீகாரம் கண்டிப்பா வேணும்னும் நம்புறேன். இது ரெண்டுக்கும் நடுவுல நான் ஒண்ணையும் விட்டுக்குடுக்கல, அதனால நம்பிக்கை உள்ள ஒருத்தர்கிட்ட இதை எப்படி எடுத்துட்டுப் போறதுன்னு எனக்குத் தெரிஞ்சதை எழுதுறேன். சுருக்கமா சொன்னா நாம கேக்குறது பதிவு ஆபீஸ்கிட்ட, சாமிகிட்ட இல்ல. இந்த ஒரு விஷயத்தை எதிர்ல இருக்கிறவங்க மனசுல நிறுத்திட்டா பாதி வேலை முடிஞ்சுது, மீதி எல்லாம் அதுக்கு வழி பண்றதுதான்.

வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி

முதல்ல உங்க நிலைமையைப் பாருங்க. நீங்களே கே-வாவோ லெஸ்பியனாவோ இருந்து, தங்குற இடம், படிப்புச் செலவு எல்லாத்துக்கும் வீட்டைத்தான் நம்பி இருக்கீங்கன்னா இந்தப் பேச்சை உங்களைப் பத்தின பேச்சா மாத்தாதீங்க. சட்டத்தைப் பத்தி பொதுவா பேசலாம், பேசி வீட்டுல காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரிஞ்சுக்கலாம், ஆனா வாக்குவாத சூட்டுல "ஆமா நானும் அப்படித்தான்"னு சொல்லிட வேண்டாம். அதைச் சொல்றதுக்கு நீங்க தேர்ந்தெடுத்த நேரமும் நீங்க நம்புற ஒரு ஆளும் பக்கத்துல இருக்கணும். உலகத்துல இன்னும் 60-க்கும் மேல நாடுகள்ல தன்பாலின உறவே குற்றம், சில இடத்துல மரண தண்டனை வரைக்கும் இருக்கு, அங்க உக்காந்து இதைப் பேசுறதுக்கும் வேற ஊர்ல பேசுறதுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கு.

அடுத்து, நீங்க இருக்கிற நாட்டோட சட்டம் என்னன்னு தெரிஞ்சுக்கங்க. தமிழ் பேசுறவங்க வாழ்ற நாடுகளை மட்டும் எடுத்துக்கிட்டாலே ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம இருக்கும். கனடாவுல 2005-லயே கல்யாணம் சட்டமாயிடுச்சு. இங்கிலாந்துல 2014 மார்ச்ல இருந்து நடக்குது. சிங்கப்பூர்ல ஆணும் ஆணும் உறவு வெச்சுக்கிறதைக் குற்றமாக்கின 377ஏ பிரிவை 2022-ல எடுத்தாங்க, ஆனா அதே கையோட அரசியலமைப்பையும் திருத்தி, கல்யாணம்னா ஆணும் பெண்ணும்ங்கிற இப்போதைய வரையறையை கோர்ட்டுல எதிர்த்து ஜெயிக்க முடியாத மாதிரி பாதுகாத்து வெச்சுட்டாங்க. மலேசியாவுல உறவே குற்றம், பொதுச் சட்டமும் தனியா இருக்கு, முஸ்லிம்களுக்கு மாநில ஷரியா சட்டமும் தனியா இருக்கு. இலங்கையில தன்பாலின உறவைக் குற்றமாக்குற 365, 365ஏ பிரிவுகளைத் திருத்துற மசோதா அரசியலமைப்புக்கு விரோதம் இல்லன்னு 2023-ல உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. இந்தியாவுல 2018 செப்டம்பர் 6-ம் தேதி, வயசு வந்த ரெண்டு பேர் சம்மதத்தோட இருக்கிற உறவு குற்றம் இல்லன்னு தீர்ப்பு வந்துச்சு, ஆனா 2023 அக்டோபர் 17-ம் தேதி அஞ்சு நீதிபதிங்க பெஞ்ச் கல்யாணம் பண்ணிக்கிற அடிப்படை உரிமைன்னு ஒண்ணு அரசியலமைப்புல இல்ல, நாடாளுமன்றம்தான் பாக்கணும்னு சொல்லிடுச்சு, 2025 ஜனவரியில மறுசீராய்வு மனுவும் தள்ளுபடி ஆயிடுச்சு.

இதை ஏன் இவ்வளவு சொல்றேன்னா, இந்தியாவுல இந்த உறவைக் குற்றமாக்கி வெச்சிருந்த 377-வது பிரிவைக் காட்டி "அதான் 377 போயிடுச்சே இன்னும் என்ன வேணும்"னு கேக்குறவங்க நிறைய. குற்றம் இல்லங்கிறது வேற, கல்யாணம்ங்கிறது வேற. இந்த இடத்துல நீங்களே தடுமாறினா அப்புறம் சொல்ற எதுவும் நிக்காது.

என்ன கேக்குறோம்னு கறாரா சொல்லுங்க

கல்யாணம்னு நாம சொல்றப்ப ரெண்டு காரியம் சேர்ந்து நடக்குது. ஒண்ணு சடங்கு, அது கடவுள் முன்னாடி, சமூகத்துக்கு முன்னாடி. இன்னொண்ணு பதிவு, அது அரசாங்கத்தோட புத்தகத்துல. ரொம்ப நாளா ரெண்டும் ஒட்டியே இருந்ததால ஒண்ணுன்னே நெனச்சுட்டோம், ஆனா இதைப் பிரிக்கிறது இன்னைக்கு யாரோ கண்டுபிடிச்சது இல்ல. ஃபிரான்ஸ்ல 1792-லயே கல்யாணப் பதிவை சர்ச்சுகிட்ட இருந்து அரசாங்கம் எடுத்துக்குச்சு, இன்னைக்கும் அங்க பதிவு முடிஞ்ச பிறகுதான் சர்ச்ல சடங்கு பண்ணலாம். இந்தியாவுல 1954-ல வந்த சிறப்புத் திருமணச் சட்டத்துல மதமே தேவையில்ல. தமிழ்நாட்டுல 1967-ல அண்ணா முதலமைச்சரா இருந்தப்ப சுயமரியாதைக் கல்யாணத்துக்கு சட்ட அங்கீகாரம் வந்துச்சு, புரோகிதர் இல்லாத கல்யாணமும் செல்லும்னு. அதுக்கு முன்னாடி அப்படிக் கல்யாணம் பண்ணவங்களோட பந்தம் கோர்ட்டுல செல்லாதுன்னு ஆகி, சொத்து, வாரிசுன்னு எவ்வளவு பேர் தவிச்சாங்க. பேசுற இடத்துல இதைக் கொண்டு வாங்க, தமிழ் ஆட்களுக்கு சட்டுன்னு பிடிபடும்.

சரி, அந்தப் பதிவுல என்னதான் இருக்குன்னு கேப்பாங்க. அங்க "உரிமை", "சமத்துவம்"னு பெரிய வார்த்தையா அடுக்காதீங்க, ஆஸ்பத்திரி, சாவு, சொத்துன்னு இறங்கிப் பேசுங்க. இதுல ரெண்டு பேரோட கதையை மட்டும் நல்லா தெரிஞ்சு வெச்சுக்கிட்டாலே போதும்னு நெனைக்கிறேன்.

ஒண்ணு ஈடித் வின்ட்சர். நியூயார்க்ல தியா ஸ்பையர்ங்கிற பெண்ணோட 40 வருஷத்துக்கு மேல சேர்ந்து வாழ்ந்தாங்க, தியாவுக்கு உடம்பு முடியாம போயி நடக்க முடியாத நிலைமை வந்தப்பவும் கூடவே இருந்து பாத்துக்கிட்டாங்க, 2007-ல கனடா போயி சட்டப்படி கல்யாணமும் பண்ணிக்கிட்டாங்க. 2009-ல தியா இறந்ததும் அமெரிக்க அரசு அந்தக் கல்யாணத்தை மதிக்காம, சொத்துக்கு வாரிசு வரியா 3,63,053 டாலர் கட்டச் சொல்லிச்சு. இதே தியா இடத்துல புருஷன் இருந்திருந்தா ஒரு பைசா கட்ட வேண்டியது இல்ல. அந்தக் கேஸ்ல 2013 ஜூன் 26-ம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றத்துல அவங்க ஜெயிச்சாங்க.

இன்னொண்ணு ஜிம் ஓபர்கெஃபெல். அவரோட துணைவர் ஜான் ஆர்தருக்கு ஏஎல்எஸ்ங்கிற நரம்பு நோய், படுத்த படுக்கை. ஒஹையோவுல அவங்களால கல்யாணம் பண்ணிக்க முடியாது, அதனால 2013 ஜூலையில மருத்துவ விமானத்துல மேரிலாண்ட் போயி, ஓடுதளத்துல நின்ன விமானத்துக்குள்ளயே கல்யாணம் பண்ணிக்கிட்டுத் திரும்பினாங்க. அக்டோபர்ல ஜான் போயிட்டாரு. ஜிம் கேட்டது என்ன தெரியுமா, டெத் சர்டிபிகேட்ல வாழ்க்கைத்துணைன்னு இருக்கிற கட்டத்துல தன்னோட பேர் இருக்கணும்னு. அந்த ஒரு கட்டத்துக்காகத்தான் கேஸ், அதுலதான் 2015 ஜூன் 26-ம் தேதி அஞ்சுக்கு நாலுன்னு அமெரிக்கா முழுக்க தன்பாலின கல்யாணம் செல்லும்னு தீர்ப்பு.

இந்த ரெண்டு கதையிலயும் சர்ச் எங்கயும் வரல, பாத்தீங்களா. ரெண்டு பேரும் எந்தப் பாதிரியார்கிட்டயும் எதையும் கேக்கல. இதைச் சொல்லிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருங்க, எதிர்ல இருக்கிறவங்க பேசட்டும். புருஷனையோ பொண்டாட்டியையோ பறிகொடுத்தவங்க அந்த வீட்டுல யாராவது இருப்பாங்க, இறப்புச் சான்றிதழ், பென்ஷன், பேங்க் லாக்கர்னு அலைஞ்ச அலைச்சல் அவங்களுக்குத்தான் தெரியும், இந்த விஷயம் அவங்களுக்குத்தான் முதல்ல உறைக்கும்.

அவங்க பயத்தை முதல்ல கேளுங்க

நம்பிக்கை உள்ளவங்களோட பெரிய பயம், "நாளைக்கு எங்க சர்ச்சையும் எங்க கோயிலையும் எங்க பள்ளிவாசலையும் கட்டாயப்படுத்துவாங்களா"ங்கிறதுதான். இது நியாயமான கேள்வி. இதுக்கு சிரிக்கக் கூடாது, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது"ன்னு தட்டி விடவும் கூடாது, சட்டம் என்ன சொல்லுதுன்னு காட்டணும். இங்கிலாந்தோட 2013 சட்டத்துல எந்த மத அமைப்பும் தானா முன்வந்து ஒத்துக்கிட்டாதான் அங்க தன்பாலின கல்யாணம் நடக்கும், அமைப்பே ஒத்துக்கிட்டாலும் ஒரு பாதிரியாருக்கு மனசு இல்லன்னா அவர் மாட்டேன்னு சொல்லலாம், அதைவிட சர்ச் ஆஃப் இங்கிலாந்துக்கு அந்தச் சட்டமே தடை போட்டிருக்கு, அவங்க அதை நடத்தவே முடியாது. கனடாவோட 2005 சட்டத்துலயும் மதத் தலைவர்கள் தங்களோட நம்பிக்கைக்கு எதிரான கல்யாணத்தை நடத்த மறுக்கலாம்னு எழுதியே வெச்சிருக்காங்க. டென்மார்க் மட்டும் கொஞ்சம் வேற மாதிரி, அங்க தேசிய சர்ச் 2012-ல இருந்து நடத்துது, ஆனா அங்கயும் தனிப்பட்ட பாதிரியார் விலகிக்கலாம்.

இங்க ஒரு விஷயத்தை மறைக்காதீங்க. உரசல் வர்ற இடங்களும் இருக்கு. அமெரிக்காவுல கென்டக்கியில கிம் டேவிஸ்னு ஒரு கவுன்ட்டி கிளார்க், அதாவது கல்யாண லைசன்ஸ் குடுக்கிற அரசு அதிகாரி, தன்னோட மத நம்பிக்கையைச் சொல்லி தன்பாலின ஜோடிகளுக்கு லைசன்ஸ் தர மறுத்தாங்க, 2015 செப்டம்பர்ல சில நாள் ஜெயில்ல இருந்தாங்க. அரசாங்கச் சம்பளம் வாங்கிட்டு அரசாங்க சீட்ல உக்காந்திருக்கிறப்ப என் நம்பிக்கைப்படிதான் கையெழுத்து போடுவேன்னு சொல்ல முடியாதுங்கிறது என்னோட கருத்து, ஏன்னா அதே சீட்ல நாளைக்கு வேற மதத்துக்காரர் உக்காந்து உங்க கல்யாணத்துக்குக் கையெழுத்து போட மாட்டேன்னு சொன்னா அதையும் ஏத்துக்கணும். தனியார் கடைக்காரங்க விஷயம் இவ்வளவு சுலபமா இல்ல. கேக் கடை கேஸ்கள் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம், தன்பாலின கல்யாணத்துக்குக் கேக் பண்ணித் தரவோ அதை ஆதரிக்கிற வாசகத்தைக் கேக்ல எழுதவோ கடைக்காரங்க மறுத்த கேஸ்கள், 2018-ல அமெரிக்காவுலயும் சரி, அதே வருஷம் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்துலயும் சரி கேக் கடைக்காரங்க பக்கம்தான் தீர்ப்பு வந்துச்சு. அமெரிக்கத் தீர்ப்புக்குக் காரணம், விசாரிச்ச கமிஷன் அவரோட மதத்தை மரியாதையில்லாம நடத்துச்சுங்கிறது. பிரிட்டன்ல, தான் ஒத்துக்காத ஒரு வாசகத்தை எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாதுங்கிறது. இதை நீங்களே எடுத்துச் சொல்லுங்க, அவங்க எடுத்துப் போடுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். கோர்ட் மதத்தோட பக்கமும் நிக்கும்ங்கிறது அவங்களுக்கு ஒரு தைரியம் குடுக்கும், நீங்க ஒளிச்சு மறைக்கலங்கிறதும் தெரியும்.

அப்புறம் விவாகரத்தைக் காட்டுங்க, இதுக்கு மேல ஒரு உதாரணம் எனக்குக் கிடைக்கல. கத்தோலிக்க சர்ச் விவாகரத்தை ஏத்துக்கிறது இல்ல. ஆனா கத்தோலிக்க நாடான அயர்லாந்துல 1995-ல வாக்கெடுப்பு நடந்து நூலிழையில விவாகரத்துச் சட்டம் ஜெயிச்சுது. மால்டாவுல கத்தோலிக்கம்தான் அரசியலமைப்புப்படி அரச மதம், அங்க 2011-ல விவாகரத்து வந்துச்சு. அதுக்கப்புறம் சர்ச் தன்னோட போதனையை மாத்திக்கிச்சா? இல்ல. விவாகரத்து ஆனவங்களுக்கு மறுபடி கல்யாணம் பண்ணி வைக்கச் சொல்லி போலீஸ் போயி பாதிரியாரைக் கூட்டிட்டு வந்துச்சா? அதுவும் இல்ல. சட்டம் ஒரு பக்கம், போதனை ஒரு பக்கம், ரெண்டும் அதே ஊர்ல பக்கத்துப் பக்கத்துல ஓடிட்டு இருக்கு. அதே அயர்லாந்துல 2015-ல சுமார் 62 சதவீதம் பேர் தன்பாலின கல்யாணத்துக்கு ஆமான்னு ஓட்டுப் போட்டாங்க, மால்டாவுல 2017-ல சட்டம் வந்துச்சு. அயர்லாந்துல ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறவங்களும் சேர்ந்துதான் ஓட்டுப் போட்டாங்க.

வசனச் சண்டைக்குள்ள போகாதீங்க

லேவியராகமம், ரோமர் நிருபம், லூத் நபியோட சரித்திரம், மனுஸ்மிருதின்னு எடுத்துப் போடுவாங்க. நீங்க அதே மதத்துக்குள்ள வளந்து, அந்த நூலைப் படிச்ச ஆளா இருந்தா பேசலாம். இல்லன்னா வேண்டாம். வெளியில இருந்து வந்து "உங்க வேதத்துக்கு அர்த்தம் அது இல்ல, இது"ன்னு ஒருத்தருக்குப் பாடம் நடத்துற மாதிரி எரிச்சல் வேற எதுவும் இல்ல, அதுவும் அம்பது வருஷமா தினம் அதை ஓதுறவர்கிட்ட.

அதுக்குப் பதிலா, "இதுல உங்க மதத்துக்காரங்களே எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்களா"ன்னு கேளுங்க. ஏன்னா சொல்லல. ஸ்வீடன் சர்ச் 2009-ல இருந்து தன்பாலின கல்யாணம் நடத்துது. கிறிஸ்தவப் பிரிவுகள்லயே பிரிட்டன் குவேக்கர்கள் அதே வருஷம் முடிவெடுத்தாங்க, பிரிட்டன் மெத்தடிஸ்ட்கள் 2021-ல. அமெரிக்காவுல சீர்திருத்த யூத மதகுருக்களான ரபிக்கள், 2000-லயே தன்பாலின ஜோடிகளுக்குச் சடங்கு நடத்துற ரபிக்களுக்கு ஆதரவா தீர்மானம் போட்டாங்க. இன்னொரு பக்கம் கத்தோலிக்க சர்ச், ஆர்த்தடாக்ஸ் சர்ச்சுகள், இஸ்லாத்தோட பெரும்பான்மை சட்ட மரபு எல்லாம் உறுதியா மறுக்குது, அதையும் மறைக்காம சொல்லணும். போப் ஃபிரான்சிஸ் ஒருத்தரையே எடுத்துக்கங்களேன், 2010-ல அர்ஜென்டினாவுல கார்டினலா இருந்தப்ப இந்தச் சட்டத்தைக் கடுமையா எதிர்த்தாரு, போப் ஆன பிறகு 2020-ல இவங்களுக்கு சிவில் யூனியன், அதாவது கல்யாணம்னு பேர் வைக்காம உறவைப் பதிவு பண்ற சட்டம் வேணும்னு பேசினது வெளிய வந்துச்சு, 2023 டிசம்பர்ல அவர் காலத்துல வாடிகன் விட்ட அறிக்கை, தன்பாலின ஜோடிக்கு ஆசீர்வாதம் குடுக்கலாம், ஆனா அது கல்யாணச் சடங்கு மாதிரி இருக்கக் கூடாதுன்னு சொல்லிச்சு. போதனை மாறல, ஆனா போதனையையும் சட்டத்தையும் அவர் தனித்தனியாப் பாத்தாரு. கத்தோலிக்கர்கிட்ட பேசுறவங்களுக்கு இது ரொம்ப உதவும்.

இங்கதான் பலரும் யோசிக்காத ஒரு பக்கம் வருது. தடை போடுறதும் மத சுதந்திரத்துல கை வைக்கிறதுதான். 2014-ல அமெரிக்காவுல வட கரோலினா மாநிலத்து மேல யுனைட்டட் சர்ச் ஆஃப் கிரைஸ்ட் கேஸ் போட்டுச்சு. லைசன்ஸ் இல்லாத ஜோடிக்கு சடங்கு நடத்தினா பாதிரியாருக்கே தண்டனைன்னு அங்க சட்டம், தன்பாலின ஜோடிக்கு லைசன்ஸே கிடைக்காது, அப்போ எங்க நம்பிக்கைப்படி எங்க சபையில கல்யாணம் நடத்துற சுதந்திரம் எங்கன்னு பாதிரியார்களே கேட்டாங்க, அதே வருஷம் அக்டோபர்ல ஜெயிச்சாங்க. அரசாங்கம் ஒரு மதப்பிரிவோட விளக்கத்தை எடுத்து எல்லாருக்கும் சட்டமாக்கினா, அது இன்னொரு பிரிவோட வழிபாட்டைத் தடுக்குது. சிறுபான்மை மதத்துல இருக்கிற யாருக்கும் இதை விளக்கவே தேவையில்ல, அடுத்தவங்க நம்பிக்கை நம்ம மேல சட்டமா விழுந்தா எப்படி இருக்கும்னு அவங்களுக்குத் தெரியும்.

தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் 2005 டிசம்பர் 1-ம் தேதி குடுத்த ஃபோரி வழக்குத் தீர்ப்பை நேரம் இருந்தா தேடிப் படிங்க, ஆல்பி சாக்ஸ்ங்கிற நீதிபதி எழுதினது. மதத்தை எங்கயும் அவர் மட்டம் தட்டல. கோடிக்கணக்கான மக்களுக்கு மதம் உயிர் மாதிரி, பொது வாழ்க்கையில அதுக்கு இடம் உண்டுன்னு சொல்லிட்டு, ஆனா ஒருத்தரோட மத நம்பிக்கையை வெச்சு இன்னொருத்தரோட அரசியலமைப்பு உரிமையை அளக்கக் கூடாதுன்னு சொல்றாரு. இந்தத் தொனியிலதான் பேசணும்.

திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

"கல்யாணமே குழந்தைக்குத்தானே." அப்படின்னா அறுபது வயசுல துணை தேடி கல்யாணம் பண்றவங்களை பதிவு ஆபீஸ்ல திருப்பி அனுப்பணும். யாரும் அனுப்புறது இல்ல, குழந்தை பிறக்குமான்னு எந்தப் படிவத்துலயும் கேள்வி இல்ல. அதோட, தன்பாலின ஜோடிங்க வளக்குற குழந்தைங்க ஏற்கனவே இருக்காங்க, அந்தக் குழந்தைக்கு ரெண்டு பேரும் சட்டப்படி பெற்றோரா இருக்கிறது நல்லதா, ஒருத்தர் செத்துட்டா இன்னொருத்தர் யாரோ மாதிரி நிக்கிறது நல்லதா.

"இது மேல்நாட்டு இறக்குமதி." தைவான்ல 2019 மே-ல வந்துச்சு. நேபாளத்துல 2023 நவம்பர்ல முதல் பதிவு நடந்துச்சு. தாய்லாந்துல 2025 ஜனவரி 23-ல இருந்து நடக்குது. தென்னாப்பிரிக்காவுல 2006, அர்ஜென்டினாவுல 2010. பெரும்பான்மை மதம்னு பாத்தா இதுல பௌத்தம் இருக்கு, இந்து மதம் இருக்கு, கிறிஸ்தவம் இருக்கு. 2024 பிப்ரவரியில கிரீஸ்ல சட்டம் வந்தப்ப, பெரும்பான்மை மக்கள் ஆர்த்தடாக்ஸா இருக்கிற நாட்டுல அதுதான் முதல் தடவை, கொண்டு வந்தது ஒரு பழமைவாதக் கட்சி அரசாங்கம்.

"இதை விட்டா நாளைக்கு எது வேணா கேப்பாங்க." 2001 ஏப்ரல் 1-ம் தேதி நெதர்லாந்துல உலகத்துலயே முதல்ல சட்டம் வந்துச்சு, இத்தனை வருஷமா அங்க கல்யாணம்னா சம்மதம் குடுக்கத் தெரிஞ்ச, வயசு வந்த ரெண்டு பேர்தான். அதுக்கு மேல இந்தக் கேள்வியில நேரம் செலவு பண்ணாதீங்க.

"பெரும்பான்மை மக்கள் ஏத்துக்கல, கடவுளும் ஏத்துக்கல." இதுக்கு 1967 அமெரிக்க வழக்கு ஒண்ணு இருக்கு, லவிங் தம்பதி வழக்கு. வெள்ளைக்கார ஆணும் கருப்பினப் பெண்ணும் கல்யாணம் பண்ணிக்கிட்டது குற்றம்னு வர்ஜீனியாவுல தண்டிச்ச நீதிபதி எழுதின காரணம் என்னன்னா, எல்லாம் வல்ல கடவுள் இனங்களைத் தனித்தனிக் கண்டத்துல படைச்சாரு, கலக்கணும்னு நெனச்சிருந்தா பிரிச்சு வெச்சிருக்க மாட்டாருன்னு. அவரும் கடவுள் பேரைச் சொல்லித்தான் எழுதினாரு, உண்மையாவே நம்பித்தான் எழுதியிருப்பாருன்னு நெனைக்கிறேன். இன்னைக்கு அதைப் படிக்கிற எந்த பக்தரும் அது கடவுளோட சட்டம்னு ஒத்துக்க மாட்டாங்க. நம்ம பக்கம் வேற சாதியில கட்டிக்கிட்டவங்களுக்கு என்னென்ன நடந்துச்சு, நடக்குதுன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியது இல்ல, அதுக்கும் சாஸ்திரத்தைத்தான் காட்டினாங்க.

பாதி வழியில நிக்கிறவங்க

"சரி, ஏதோ ஒரு பதிவு குடுத்துக்கட்டும், கல்யாணம்னு மட்டும் சொல்ல வேண்டாம்"னு ஒருத்தர் சொன்னா அவர் மேல பாயாதீங்க. அவர் வந்திருக்கிற தூரம் பெருசு. டென்மார்க் 1989-ல அப்படித்தான் ஆரம்பிச்சுது, ஃபிரான்ஸ் 1999-ல, இத்தாலியில 2016-ல இருந்து இன்னைக்கும் சிவில் யூனியன்தான். எனக்கு இதுல முழு திருப்தி இல்ல, தனியா ஒரு வாசல் வெச்சு அந்த வழியா வாங்கன்னு சொல்றதுல ஒரு அவமானம் இருக்கு, கல்யாணம்னு இருக்கிற உரிமையில ஒண்ணு ரெண்டு எப்பவும் விட்டுப்போகும். அதைப் பொறுமையா சொல்லுங்க, ஆஸ்பத்திரி, தத்தெடுப்பு, விசான்னு எதெல்லாம் அந்தப் பதிவுல வராதுன்னு உங்க நாட்டுச் சட்டத்தை வெச்சுக் காட்டுங்க. ஆனா அன்னைக்கே முழுசா ஜெயிக்கணும்னு நெனைக்காதீங்க.

எப்போ நிறுத்தணும்னா, எதிர்ல இருக்கிறவர் மதத்தைப் பத்தியே பேசலன்னு உங்களுக்குத் தெரியுறப்ப. சில பேருக்கு வேதமும் தெரியாது, கோயிலுக்கும் போறது இல்ல, வெறும் அருவருப்புதான், அதுக்கு மேல மதத்தைப் போர்வையா போட்டிருப்பாங்க. அவங்ககிட்ட அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா எதுவும் எடுபடாது. வேற சில பேருக்கு "ஊர் என்ன சொல்லும்"ங்கிறதுதான் பிரச்சினை, அவங்களுக்குத் தேவை வாதம் இல்ல, தன்பாலீர்ப்பு உள்ள பிள்ளையை ஏத்துக்கிட்டு நல்லா இருக்கிற இன்னொரு குடும்பம். முடிஞ்சா, அவங்களும் சம்மதிச்சா, பேச வைங்க. அப்புறம் வாட்ஸாப் க்ரூப்ல நாப்பது பேர் பாக்கப் பேசாதீங்க, தனியா போய்ப் பேசுங்க, சபையில யாரும் "நான் யோசிச்சுப் பாத்தேன், நீ சொல்றது சரி"ன்னு சொல்ல மாட்டாங்க.

சட்டம் வர்ற வரைக்கும்

பேச்சு எப்படி முடிஞ்சாலும் சட்டம் வராத நாட்டுல வாழ்ற ஜோடிங்க பேப்பர் வேலையைத் தள்ளிப் போடக் கூடாது. இந்தியாவுல இருக்கிறவங்களுக்குச் சொல்றேன். பேங்க்ல ஜாயின்ட் அக்கவுன்ட் திறக்கவோ துணையை நாமினியா போடவோ தடை இல்லன்னு 2024 ஆகஸ்ட்ல நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியிருக்கு, பேங்க்ல யாராவது இழுத்தடிச்சா அதைக் காட்டுங்க. 2025-ல சென்னை உயர் நீதிமன்றம், கல்யாணம் மட்டும்தான் குடும்பத்துக்கு வழின்னு இல்ல, இவங்க தேர்ந்தெடுத்துக்கிற குடும்பமும் குடும்பம்தான்னு சொல்லியிருக்கு. இன்சூரன்ஸ், பிஎஃப் எல்லாத்துலயும் நாமினி பேரைச் சரி பாருங்க, எதுல யாரை நாமினியா போடலாம்னு விதி மாறும், அதனால கேட்டுட்டுப் போடுங்க. நாமினி ஆனதால மட்டும் சொத்து அவங்களுக்கு ஆயிடாது, அதுக்கு உயில் வேணும்.

உயில்ல ரெண்டு சாட்சி கையெழுத்து கட்டாயம், சாட்சியா துணையையே போட்டுடாதீங்க, பின்னால சிக்கல் வரும். பதிவு பண்ணணும்னு கட்டாயம் இல்ல, ஆனா குடும்பத்துல எதிர்ப்பு இருக்கும்னு தெரிஞ்சா பதிவு பண்ணிடுங்க. முஸ்லிமா இருந்தா ஒரு விஷயம் கவனிங்க, தனிச் சட்டப்படி பொதுவா சொத்துல மூணுல ஒரு பங்குதான் வாரிசு அல்லாதவங்களுக்கு உயில் எழுத முடியும், அதுக்கு மேல போனா வாரிசுங்க சம்மதம் வேணும். அதனால துணைக்கு வீடு போய்ச் சேரணும்னா உயிரோட இருக்கிறப்பவே பேரை மாத்தி எழுதுறதைப் பத்தி ஒரு வக்கீலைப் பாத்துப் பேசிடுங்க, முடிஞ்சா ரெண்டு பேரும் சேர்ந்தே போங்க.